பெர்னபே கொட்டிய பழங்கள்

பெர்னபே வனவிலங்குக் காவலர் வேலையில் சேர்ந்த அன்று அவன் மாமியார் அவனுக்குச் சோறு போடவில்லை. மகள் ரூஃபினாவுக்குப் போட்டார், மகன் மெல்கோருக்குப் போட்டார், ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்த என்னையும் உட்காரவைத்துப் போட்டார். பெர்னபேயின் தட்டு மட்டும் துடைத்தபடியே இருந்தது.

"சர்க்காரு சோறு போடும்ல. அங்க போயி சாப்பிடு" என்றார்.

பெர்னபே சிரித்தான். தானே எழுந்து பானையிலிருந்து சிவப்புச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டான். அந்த வீட்டில் அவனுக்கு அவ்வளவு உரிமை இருந்த காலம் அது.

டான் கொன்சேலாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வயதான பெண்களை டான் என்று சேர்த்துத்தான் எங்கள் தீவில் கூப்பிடுவோம். அவர் தன் மகளைக் கட்டிக்கொடுத்தது ஒரு வேட்டைக்காரனுக்கு. சோங்சோங் கிராமத்தில் பெர்னபேயைப்போலக் குறி பார்ப்பவன் கிடையாது. பசிபிக் கடல் நடுவிலிருக்கும் எங்கள் ரோட்டாத் தீவில் எந்த விருந்திலும் கோழி இருக்கும், பன்றி இருக்கும், மீன் இருக்கும். ஆனால் மேசை நடுவில் ஃபனிஹி இருந்தால்தான் விருந்து வைத்தவனுக்கு மரியாதை. பழம் தின்கிற பெரிய வௌவால் அது. கரிய உடம்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் பொன்னிறத்தில் ரோமம். முழுசாகத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, இறக்கையோடு, தோலோடு சாப்பிடுவோம். அதைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சட்டத்தை எல்லாரும் அறிந்திருந்தோம். கல்யாணம் வந்தால் பெர்னபேயிடம்தான் போவோம்.

அப்படிப்பட்டவன் காவலர் உடுப்பைப் போட்டுக்கொண்டால் ஒரு மாமியாருக்கு எப்படி இருக்கும்?

அவன் வௌவால்மேல் இரக்கப்பட்டு அந்த வேலைக்குப் போகவில்லை. இதை நான் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பின்னால் அவனைப் பற்றி வேறு மாதிரியும் பேசினார்கள். ரூஃபினாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மகள் ஹசிந்தா பிறந்ததிலிருந்து ரூஃபினாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் வீங்கும், கண் மங்கும். அரசாங்க வேலை என்றால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அந்த வருஷம் காலியாக இருந்த அரசாங்க வேலை அது ஒன்றுதான்.

"குப்பை வண்டி ஓட்டுற வேலை இருந்திருந்தா அதுக்குப் போயிருப்பேன், டிக்கா" என்று என் கடையில் நின்றுகொண்டு சொன்னான். எஸ்கொலாஸ்டிகா என்ற என் பெயரை ஊரே அப்படித்தான் சுருக்கி வைத்திருக்கிறது.

வேலை என்னவென்றால், மேட்டுநிலத்தின் விளிம்பில் பாறைச்சரிவுக்கு எதிரே உட்கார்ந்து, தொலைநோக்கியை நாட்டி, எதிர்ச்சரிவு மரங்களில் தொங்குகிற வௌவால்களைக் கவனித்துக் குறிப்பது. முதல் சில மாதங்கள் அவனுக்கு அலுப்பாகவே இருந்தது. தலைகீழாகத் தொங்கும் கறியைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கச் சொல்லிச் சம்பளம் தருகிறார்கள் என்று புலம்புவான். பிறகு அவன் பேச்சு மெல்ல மாறியது. அது எப்போது மாறியது என்று அவனுக்கே தெரியாது.

"நான் இத்தனை வருஷமா அதுங்களைக் கீழேருந்துதான் பார்த்திருக்கேன். மேல ஒரு கருப்பு, சுடு, விழுந்துச்சா எடு. அவ்வளவுதான். இப்பப் பகல் பூரா பார்க்கிறேன்ல. அதுங்க தூங்குறதே இல்ல, டிக்கா. ஒண்ண ஒண்ணு திட்டிக்கிட்டே கெடக்குதுங்க. கல்யாணமாகாத பயலுங்க ஒரு மரத்துல தனியா. நம்ம கூடைப்பந்து மைதானத்துக்கு வெளிய நிக்கிறானுங்களே, அதே மாதிரி. தாய்க்காரிங்க குட்டியை நெஞ்சுல ஒட்டவச்சுக்கிட்டு, வெயில் ஏறினா ஒரு இறக்கையால விசிறிக்கிட்டே இருக்குதுங்க. கை வலிக்காதா அதுக்கு?"

"எத்தனை குட்டி போடும்?"

"ஒண்ணு. வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அது நமக்குத் தெரியாம போச்சு பாரு. கோழி மாதிரின்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்."

மெல்கோர் இதைக் கேட்டால் விடமாட்டான். அவன் ரூஃபினாவின் தம்பி மட்டுமல்ல, ஹசிந்தாவுக்கு ஞானத்தகப்பனும்கூட. அதனால் அவனும் பெர்னபேயும் ஒருவரையொருவர் பாரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சகோதரனைவிட ஒருபடி மேல் அந்த உறவு.

"பாரே, கிறிஸ்துமஸுக்கு உன் சொந்தக்காரங்க வீட்டுக்கே போயிடுறியா? தலைகீழாத் தொங்கிப் பழகிக்கோ. சூப்பு குடிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்."

"உன் வாய்க்கு அங்கயும் எடமிருக்கு. கல்யாணமாகாதவன் மரத்துல."

பெர்னபே யாரையும் பிடித்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அவனுக்கு உறவு, மீதிப் பேர் ரூஃபினாவுக்கு உறவு. திருவிழா நெருங்கும்போது மேட்டுநிலத்துக்கு ஏறும் ஒரே பாதையின் முகப்பில் தன் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து, வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். துப்பாக்கியோடு வருகிறவர்கள் அவனைப் பார்த்ததும் மானைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள். அவனும் எந்தப் பக்கம் மான் இருக்கிறது என்று கைகாட்டுவான். அதுவே போதுமாக இருந்தது. சில வருஷங்களில் சரிவு மரங்கள் கறுத்துத் தெரியும் அளவுக்குக் கூட்டம் பெருகியது. தலைநகரான சைபான் தீவிலிருந்து வந்த மேலதிகாரிகள் அவன் தோளைத் தட்டினார்கள். அந்த வருஷத் திருவிழாவில் ஃபனிஹி இல்லாத மேசையைப் பார்த்துவிட்டு டான் கொன்சேலா பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போனார்.

பிறகு புயல் வந்தது.

புயல் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த டிசம்பரில் வந்தது வேறு மாதிரி. அது போய் முடிந்து காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது தீவில் ஒரு இலை இல்லை. பச்சை என்ற நிறமே இல்லை. தீயில் வெந்ததுபோல மரங்களெல்லாம் பழுப்புக் குச்சிகளாக நின்றன. என் கடையின் கூரைத் தகரம் மாதா கோயில் மதிலில் மடிந்து கிடந்தது. மின்சாரம் போனதில் எல்லார் வீட்டு இறைச்சியும் குளிர்பெட்டிக்குள்ளேயே அழுகி, ஊர் முழுவதும் அந்த வாடை. நிவாரணக் கப்பல் டப்பா மீனும் டப்பா இறைச்சியும் அரிசியும் கொண்டுவந்து இறக்கியது. அதைத் தின்றுகொண்டு கூரைகளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வௌவால்கள் இறங்கி வந்தன. பட்டப்பகலில்.

மேலே அவற்றுக்குத் தின்ன ஒரு பூ இல்லை, ஒரு காய் இல்லை. பள்ளி மைதானத்தில் ஒன்று தரையில் தவழ்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். இறக்கையின் நுனியிலிருக்கும் கொக்கி விரலை மண்ணில் ஊன்றி ஊன்றி, உடைந்து கிடந்த ஒரு பப்பாளியை நோக்கிப் போனது. நடக்கத் தெரியாத மிருகம் அது. முகத்தைப் பப்பாளிக்குள் புதைத்துக்கொண்டு தின்றது. நாங்கள் இவ்வளவு கிட்டத்தில் நிற்கிறோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ வீட்டு நாய் வந்து கழுத்தைக் கவ்விக்கொண்டு போயிற்று.

மறுநாளிலிருந்து துப்பாக்கிச் சத்தம். மரங்களில் ஒளிய இலை இல்லை. குறி பார்க்கத் தெரியாதவர்கள்கூடச் சுட்டார்கள். சிலர் துப்பாக்கியே எடுக்கவில்லை, கழியால் அடித்தார்கள். போலீஸ் வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. இருந்திருந்தாலும் அவர்கள் கூரையும்தான் பறந்திருந்தது.

பெர்னபே வீடு வீடாக நடந்தான். மெல்கோர் வீட்டுக்கு அவன் வந்தபோது நான் அங்கே தார்ப்பாய் கேட்டுப் போயிருந்தேன்.

"பாரே, உன் கூட்டாளிப் பசங்ககிட்ட சொல்லு. கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லு."

"எதைப் பொறுக்கச் சொல்ற? ஊரே டப்பா மீனத் தின்னுக்கிட்டுக் கெடக்கு. கறி தானா நடந்து வாசலுக்கு வருது. வேணாம்னு சொல்லி அனுப்பவா?"

"அதுங்க பசியில வருதுங்க."

"நாங்களும் பசியிலதான் சுடுறோம். பசிச்சவன் பசிச்சதைத் தின்னா அதுல என்ன பாவம் இருக்கு?"

சொல்லிவிட்டு மெல்கோரே எழுந்து உள்ளே போய் ஒரு தார்ப்பாயை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எனக்கும் மறுபாதியை அவனுக்கும் கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை.

அன்றைக்கு மத்தியானமே பெர்னபேக்கு அந்த யோசனை வந்தது. வௌவால் கீழே வருவது சாப்பாட்டுக்கு. சாப்பாட்டை மேலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் எதற்கு வரப்போகிறது? தோட்டங்களிலெல்லாம் சீமைப்பலாவும் பப்பாளியும் விழுந்து நசுங்கிக் கிடந்தன. ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கேட்டு வண்டியில் ஏற்றினான். ரூஃபினா வீங்கிய காலைத் தொங்கவிட்டபடி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு வெட்டுக்கத்தியால் ஒவ்வொன்றையும் பிளந்து போட்டாள். கடையில் சொத்தையாகப் போயிருந்த ஆப்பிள் பெட்டிகளை நான் கொடுத்தேன்.

ஊர் சிரித்தது. "ஜனங்களுக்கு டப்பா, ஜந்துக்களுக்குப் பழமா?" என்று மாதா கோயில் வாசலிலேயே கேட்டார்கள்.

"உனக்கு வேணும்னா அந்த அழுகின பலாவை நீ எடுத்துக்கோயேன், அண்ணே" என்றாள் ரூஃபினா. "பொளந்து தரேன்."

சரிவின் அடியில் ஒரு சமதளம் உண்டு. அங்கே பழங்களைக் கொட்டினான். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் அவன் வண்டியைத் திருப்புவதற்குள்ளேயே தலைக்கு மேல் வட்டமிட ஆரம்பித்தன. அதற்குப் பிறகு அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே போதும், மொட்டை மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். ஊர்ப்பக்கம் வருவது நின்றுபோயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை. தாடி வளர்ந்து, மேலெல்லாம் பழச்சாறும் ஈயுமாக, கடை வாசலில் நின்று சொல்வான்: "குட்டிங்களை இறக்கிவிட்டுட்டு நிம்மதியா தின்னுதுங்க. பழைய மாதிரியே சண்டை போடுதுங்க. சண்டை போட ஆரம்பிச்சிட்டா பொழச்சிக்கும்."

மாமியார் வீட்டுக் கூரை அதுவரை போடாமலே கிடந்தது. டான் கொன்சேலாவுக்கு ஈரத்தில் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெர்னபே மேலே போகாமல் அந்தக் கூரையில் ஏறினான். மெல்கோரும் வருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. மத்தியானம் மேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. பெர்னபே சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டான். சாலையில் விழுந்த மரத்தை உடைக்கிறார்கள் என்று கீழே யாரோ சொன்னார்கள். மறுபடியும் ஆணி அடித்தான். அன்று சாயங்காலத்துக்குள் கூரை முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் ரூஃபினாவும் நானும் அவனோடு வண்டியில் போனோம். பழம் நிறைய இருந்தது, இறக்க ஆள் வேண்டும் என்றான். பாதை முழுக்கச் சேறு. அவன் வண்டி தினமும் போய்வந்த தடத்தின் மேலேயே வேறு சக்கரத் தடங்கள் போயிருந்தன. அவன் அதைக் கவனித்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. வண்டியை விரட்டினான்.

சமதளத்தில் பழக்கூழ் மிதிபட்டுக் கிடந்தது. பப்பாளி விதைகளுக்கு நடுவே சிவப்புத் தோட்டா உறைகள். எவ்வளவு என்று சொல்லமாட்டேன், கால் வைத்த இடமெல்லாம் இருந்தன. பெரியவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்னதுகளை விட்டுவிட்டார்கள். தாய் இறக்கிவிட்ட கிளைகளில் அவை தொங்கிக்கொண்டு கத்தின. எலிக்குஞ்சு கத்துகிற மாதிரிச் சின்னச் சத்தம். ரூஃபினா பாவாடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, எட்டுகிற கிளைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அதில் போட்டாள். அவை அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

எதிர்ச்சரிவில் ஒன்றுகூடத் தொங்கவில்லை.

பெர்னபே ஒரு தோட்டா உறையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தான். வேட்டைக்காரனின் பழக்கம்.

"பாதை போட்டுக் குடுத்தவன் நானு" என்றான். "எல்லாத்தையும் ஒரே எடத்துல கூட்டி வச்சு, தின்னுக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முன்ன நான் வேட்டைக்குப் போனப்பகூட இவ்வளவு சுலபமா ஒரு எடம் கெடைச்சதில்ல."

"வண்டியில ஏறு" என்றாள் ரூஃபினா. "இதுங்களுக்குப் பால் குடுக்கணும்."

பழத்தை இறக்காமலே திரும்பினோம். வழியில் டான் கொன்சேலாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரூஃபினா சொன்னதால் அவர் வீட்டு முன் நிறுத்தினான். வண்டியிலிருந்து இறங்கும்போதே வாடை வந்தது. ஃபனிஹி வேகிற வாடையை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தேங்காய்ப் பாலையும் தாண்டி வரும்.

உள்ளே புதுக் கூரைக்கடியில் டான் கொன்சேலா தலையணையில் சாய்ந்திருந்தார். மெல்கோர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் கை நின்றது. பிறகு தொடர்ந்தது.

"இத்தனை நாளைக்கப்புறம் அம்மா இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கா" என்றான். "டாக்டரு குடுத்ததெல்லாம் துப்பிட்டா."

டான் கொன்சேலா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அது பொய்யில்லை.

பெர்னபே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். கிண்ணம் காலியாகும்வரை நின்றான். மெல்கோர் அவர் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தபோது பெர்னபே சொன்னான்:

"கை கழுவிட்டு வா, பாரே."

"எங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

மெல்கோர் சிரித்தான். பெர்னபேயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். ரூஃபினா பாவாடைக்குள் குட்டிகளோடு வாசலில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். புருஷனைப் பார்க்கவில்லை.

"என் அம்மா முன்னாடியா?" என்றான் மெல்கோர்.

"அவங்க சாப்பிடட்டும்னுதான் நின்னேன்."

கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. நீதிபதி சைபானிலிருந்து விமானத்தில் வந்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. கறியைத் தின்றாயிற்று, எலும்பை நாய் தின்றாயிற்று. மேலே சுட்டவர்கள் யார் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்த சாட்சி ரூஃபினா. அவளைக் கூப்பிட வேண்டுமா என்று வக்கீல் கேட்டார். அவள் வாசலில்தான் நின்றாள், உள்ளே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது என்றான் பெர்னபே. என்னை யாரும் கேட்கவில்லை. குட்டிகள் அதற்கு முன்பே செத்துவிட்டிருந்தன. சர்க்கரைத் தண்ணீரும் டப்பாப் பாலும் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு காலையிலும் கூடையைத் திறந்து பார்ப்பதை அவளே ஒருநாள் நிறுத்திவிட்டாள்.

எங்கள் தீவில் எதிரே எந்த வண்டி வந்தாலும் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்குவான். தெரிந்தவனா, தெரியாதவனா என்றெல்லாம் இல்லை. வெளிநாட்டுக்காரனுக்கும் தூக்குவோம். பெர்னபேக்கு யாரும் தூக்குவதில்லை என்று ஆனது. அவன் மட்டும் எல்லாருக்கும் தூக்கிக்கொண்டே போவான். டான் கொன்சேலா அந்த வருஷம் தவக்காலத்தில் இறந்தார். அடக்கத்தின்போது அவன் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டம் அந்தச் சரிவுக்குத் திரும்பி வரவேயில்லை. இலைகள் வந்தன, பூக்கள் வந்தன, அத்திப்பழம் பழுத்து உதிர்ந்தது. பெர்னபே தீவின் எல்லாப் பாறை விளிம்புகளுக்கும் போய்த் தொலைநோக்கியை நாட்டினான். ஓரிடத்தில் கொஞ்சம் இருக்கும், போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடும். மனித வாடைக்கே பயந்தன. அமெரிக்காவிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அவனோடு முள்ளிலும் கல்லிலும் நடந்தார்கள். சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். பாதை முகப்பில் வௌவால் படம் போட்ட பலகை வைத்தார்கள். அதிலும் யாரோ சுட்டுப் பழகினார்கள்.

"மிச்சமிருக்கிறதுல சிலது கடல் தாண்டி குவாமுக்குப் பறந்துபோயிருக்கும்னு சொல்றாங்க" என்றான் என்னிடம்.

"போனா நல்லதுதானே?"

"அங்க பாம்பு இருக்கு, டிக்கா. மரத்துக்கு மரம். தாய் எரை தேடப் போயிட்டு வர்றதுக்குள்ள குட்டியை முழுங்கிடும். அங்க பொறந்தது ஒண்ணும் பெருசாகிறதில்லயாம்."

அதற்குப் பின் ரூஃபினாவின் சிறுநீரகம் போயிற்று. டயாலிசிஸ் சைபானில்தான் உண்டு. பெர்னபே வேலையை விட்டுவிட்டு அவளோடு போனான். அங்கே ஒற்றை அறையில் இருந்தார்கள். ரூஃபினா தொலைபேசியில் பேசும்போது ஊரில் யார் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்பாள். தம்பியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள். நானே சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். கடைசியில் அவளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தான்.

ஒன்பது நாள் ஜெபமாலை நடந்தது. ஒவ்வொரு நாளும் ஜெபம் முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு. சாவு என்றால் எங்கள் ஊரில் பகை பார்க்கமாட்டார்கள். எல்லாரும் வந்தார்கள், அரிசி கொண்டுவந்தார்கள், பன்றி கொண்டுவந்தார்கள். மெல்கோர் மட்டும் வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் பெண்கள் நாங்கள் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்தான். தலை நரைத்துப்போயிருந்தது. முழங்கால் வரை செம்மண். கையில் ஒரு மூடிய பாத்திரம்.

மூடிதான் போட்டிருந்தது. வாடைக்கு மூடி ஏது? துருவிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

பெர்னபே அடுப்படியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"அக்காவுக்கு" என்றான் மெல்கோர். "வெறுங்கையோட எப்படி வர்றது? நான் வேற என்ன கொண்டுவர முடியும்?"

பெர்னபே பாத்திரத்தை வாங்கி மூடியைத் திறந்தான். உள்ளே ஒன்றே ஒன்று, இறக்கையை மடித்துக்கொண்டு.

"இது ஒண்ணுக்காக அவ போன அன்னிக்கே மேல ஏறினேன்" என்றான் மெல்கோர். "அங்கயேதான் இருந்தேன். நேத்துதான் கெடச்சுது. ஒண்ணுமே இல்ல மேல. முன்னாடி எல்லாம் ஒரு மத்தியானத்துல... ஒண்ணுமே இல்ல, பாரே."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்கிறோம்.

"பொட்டையா?" என்று கேட்டான் பெர்னபே.

"ஆமா."

"பால் இருந்துச்சா?"

மெல்கோர் தரையைப் பார்த்தான். பிறகு அங்கேயே விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்து, அக்கா, அக்கா என்று அழ ஆரம்பித்தான். அவ்வளவு பெரிய ஆள்.

பெர்னபே கொஞ்ச நேரம் அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அதை அவன் சாக்கடையில் கொட்டுவான் என்று நினைத்தேன். உள்ளே எடுத்துப்போய் ரூஃபினாவின் படத்துக்கு முன்னால் மேசை நடுவில் வைத்தான். பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். மெல்கோரைக் கைபிடித்து எழுப்பிக்கொண்டுவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தான். இறக்கையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து மெல்கோர் தட்டில் போட்டான். இன்னொன்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். தின்றான்.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

"ஏன் சாப்பிட்ட, பெர்னபே?"

"பின்ன என்ன செய்யச் சொல்ற? கொட்டியிருந்தா அது எழுந்துபோயி மரத்துல தொங்குமா?" தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னான். "மெல்கோரு மேட்டுல அவ்வளவு நாள் உக்காந்திருக்கான். நான் தொலைநோக்கி வச்சுப் பார்த்திருந்தாலும் ஒண்ணுதான் பார்த்திருப்பேன். அவனும் நானும் கடைசியில ஒரே எண்ணிக்கைக்குத்தான் வந்திருக்கோம்."

"ருசி?"

"அப்படியேதான் இருந்துச்சு" என்றான். "அதுதான் தாங்கல."

இப்போது அவன் குவாமில் மகள் ஹசிந்தாவோடு இருக்கிறான். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போவதும் வருவதும் வேலை. வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்குகிறது என்றும், அதில் ஒரு சத்தமும் கிடையாது, ஒரு குருவிகூட இல்லை, நடந்தால் முகத்தில் சிலந்தி வலைதான் ஒட்டுகிறது என்றும் சொல்வான். முதலில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலையே திறப்பதில்லையாம். மெல்கோர் துப்பாக்கியை விற்றுவிட்டான். திருந்தினான் என்று சொல்லமுடியாது. சுட ஒன்றுமில்லை.

போன வாரம் பெர்னபே கூப்பிட்டான். கூரை ஒழுகுகிறதா, கால் வலி எப்படி என்று கேட்டுவிட்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"மேட்டுப் பக்கம் யாராவது போனாங்களா?"

"நண்டு பிடிக்கப் போனவங்க தெற்குப் பாறைகிட்ட ஒண்ணு பார்த்தாங்களாம்."

"தொங்கிக்கிட்டிருந்துச்சா, பறந்துச்சா?"

"பறந்துச்சாம். தனியா. கடல் மேல, குவாம் பக்கமா."

"இங்க வந்து என்ன பண்ணும் அது" என்றான்.

பிறகு ஹசிந்தா ஃபோனை வாங்கி, அப்பா மாத்திரை போட்டுக்கொள்கிற நேரம், அப்புறம் பேசலாம் சித்தி என்றாள்.